ஓடு பிரித்த வீடும் ஒரு பஞ்சாயத்தும்

குப்பக்கா பாண்டைக் கீழே வைத்துவிட்டாள்.

பாண்டு என்றால் சித்தாள்கள் மண்ணும் கலவையும் சுமக்கிற இரும்புச் சட்டி. அது தரையில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சித்திரை வெயில். எங்கள் வீட்டின் பின்பாதியில் ஓடு பிரித்தாகிவிட்டது. நின்ற இடத்திலிருந்தே வானம் தெரிந்தது. செங்கல் தூசி எல்லாருடைய புருவத்திலும் ஒட்டியிருந்தது.

அதற்குச் சற்று முன்புதான் நான் போனும் கையுமாக, வாயெல்லாம் பல்லாக, ஓடி வந்து சொன்னேன். "குப்பக்கா, எங்க கலை முழுவாம கீறாளாம்!"

குப்பக்கா சிரித்தாள். தூசிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்புறம் திரும்பிப் பார்த்தாள். பின்சுவர் பாதி இடித்த நிலையில் நின்றது.

"அப்போ வேல நின்னுச்சி டீச்சரு. புள்ளத்தாச்சி கீற வூட்ல சொவுரு இடிக்கற பாவம் எங்களுக்கு வோணாம்."

கூட வந்த பெண்களும் ஒவ்வொருவராகப் பாண்டை வைத்துவிட்டுப் போய்ப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெற்றிலை மடிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். மறுமுனையில் என் மகள் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

குடையோடு போன குடும்பம்

இந்தப் பக்கத்தைப் புதிதாகத் திறந்தவர்களுக்காக எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் தெரு. நான் அங்கன்வாடி டீச்சர். ஊருக்கே டீச்சர்தான், பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறார்.

வீட்டைக் கட்டியது என் மாமனார். சூளையில் வேலை பார்த்தவர். மூலை உடைந்தது, கொஞ்சம் வளைந்தது என்று ஒதுக்கிய கல்லையெல்லாம் கேட்டு வாங்கி, தலையில் சுமந்து வந்து கட்டிய செங்கல் வீடு. மண் சாந்து, நாட்டு ஓடு, முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் சாய்ப்பு. சுவர் மட்டும் கனம். கோடையில் முதுகைச் சாய்த்தால் எழுந்திருக்க மனசு வராது.

ஆனால் குளிக்க, வெளிக்குப் போக எல்லாவற்றுக்கும் தோட்டத்துக் கோடிதான். கக்கூஸ் கட்டியிருந்தோம், அதுவும் கோடியில்தான். மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு போவோம். இருப்பது ஒரே குடை. என் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்துகொண்டு பேப்பர் படிப்பார், நான் வாசலில் நின்று கத்துவேன். சுகமான வீடுதான், வசதியான வீடு இல்லை.

தை மாதம் எங்கள் ஒரே மகள் கலைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மானாம்பதி. கல்யாணப் பந்தல் பிரித்த கையோடு நான் ஆரம்பித்தேன். "நாளைக்கு அவ தலைப்பிரசவத்துக்கு வருவா. பச்சப்புள்ளய வச்சிக்கினு தோட்டத்துக் கோடிக்கா ஓடுவா?"

"இன்னும் மஞ்சக் கயிறே காயல. அதுக்குள்ள உனுக்குப் பிரசவமா?" என்றார் அவர். ஆனால் மறுவாரமே ஆரோக்கியம் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

திட்டம் இதுதான். முன்பாதியை அப்படியே விடுவது. மாமனாரின் கனத்த சுவரும் நாட்டு ஓடும் இருக்கட்டும். பின்பாதியைப் பிரித்து, தோட்டத்துப் பக்கம் நீட்டி, காங்கிரீட் தளம் போட்டு, ஒரு கூடம், மேடை வைத்த சமையலறை, குளியலறையோடு சேர்ந்த ஓர் அறை. அந்த அறை கலைக்கு. ஜன்னலைக் கட்டிலில் உட்கார்ந்தால் வெளியே தெரிகிற உயரத்துக்கு இறக்கி வைக்கச் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆக, பிரசவத்துக்காகத்தான் வீட்டைப் பிரித்தோம். அவ்வளவு சீக்கிரம் சேதி வரும் என்று யார் கண்டது?

ஆணி அடிக்காத காலண்டர்

இந்த வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் எங்கள் பக்கம் வீட்டு வேலை நடக்காது. மண்ணை வெட்டக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது, வாசக்கால் நிறுத்தக் கூடாது. ஆணி அடிப்பதுகூடத் தப்பு.

கலை என் வயிற்றில் இருந்தபோது புது வருஷக் காலண்டர் வந்தது. மாட்ட ஆணி இல்லை. அடிக்க அவருக்குத் தைரியமும் இல்லை. அரிசி டிரம் மேல் சாய்த்து வைத்தார். அரிசி எடுக்கும்போதெல்லாம் காலண்டரைத் தூக்கித் தரையில் வைப்பேன். அப்புறம் மறந்துவிடுவேன். பூனை அதன் மேல் படுத்துத் தூங்கும். அந்த வருஷம் அமாவாசை எது, கிருத்திகை எது என்று பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், பாதி உண்டு. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்து, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடச் சொல்லி விரட்டுகிறவள் நான். என் மகள் என்று வந்தபோது அந்த மீதிப் பாதியும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்றும் உண்டு. எனக்கு அம்மா வீட்டுப் பிரசவம் கிடைக்கவில்லை. என் அம்மா எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பே போய்விட்டாள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கிக்கொண்டு எல்லாப் பெண்களும் அம்மா வீட்டுக்கு வண்டி ஏறுவார்கள். நான் வளையல் கையோடு இதே வீட்டில் அடுப்பு ஊதினேன். யாரும் குறை வைக்கவில்லை. ஆனாலும் அந்த ஏக்கம் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. கலை வர வேண்டும், வந்து படுக்க வேண்டும், நான் வெந்நீர் வைத்து ஊற்ற வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வேலை நின்றால் பிரசவம் ஆகும் கார்த்திகை வரை நிற்கும். ஐப்பசி மழை முழுவதும் கூரையில்லாத வீட்டில் கொட்டும். மகளை எங்கே அழைத்து வருவது?

ரேஷன் கார்டு சாட்சி

பூவரச மரத்தடி பஞ்சாயத்து ஆரம்பித்தது.

ஆரோக்கியம் மேஸ்திரி முதலில் வீரமாகத்தான் பேசினார். "நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் கரண்டியத் தொடுவேன். எனக்கு இந்தப் பேஜாரெல்லாம் கெடையாது டீச்சர்." சற்றுப் பொறுத்து, "பொண்ணுக்கு எத்தினி மாசம்?" என்று கேட்டார். மூன்று என்றேன். தூக்குக்குண்டைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரர்தான் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார். "குப்பக்கா, நீ இன்னா சொல்றே? புள்ளத்தாச்சி கீற வூட்லதானே வேல செய்யக் கூடாது? கலைதான் கட்டிக்கினு போய்ட்டாளே. அவ இப்போ மானாம்பதிக்காரி. இது அவ வூடே இல்ல."

சித்தாள்கள் யோசித்தார்கள். நியாயம்தான் என்று ஒருத்தி சொன்னாள். எனக்குத்தான் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"யாரு சொன்னது? எம் பொண்ணு வூடு இது! தாலி ஏறினா வூடு இல்லன்னு ஆயிடுமா?"

குப்பக்கா கையை விரித்தாள். "அதான், டீச்சரே சொல்லிட்டாங்க. ரேஷன் கார்டுல பேரு எடுத்துட்டீங்களா?"

"இன்னும் எடுக்கல."

"அப்போ அவ இந்த வூட்டுப் பொண்ணுதான். வேல இல்ல."

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். விஷயம் புரிகிறதா? "கலை எங்க வீட்டுப் பெண் இல்லை" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் வேலை நடக்கும், அவள் வந்து படுக்க அறை கிடைக்கும். "எங்க வீட்டுப் பெண்" என்று சொன்னால் அவள் வருவதற்கு வீடே இருக்காது. அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. மாசமாக இருக்கிற பிள்ளையை இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

அன்றைக்கும் வேலை இல்லை, அதற்கடுத்த வாரங்களிலும் இல்லை. இறக்கிய மணலில் தெரு நாய் குழி பறித்துப் படுத்துக்கொண்டது.

மானாம்பதி பஸ்ஸில் வந்தவர்

வைகாசியில் ஒரு நாள் காலை நாஷ்டா நேரத்துக்குச் சம்பந்தியம்மா தனம் வந்து இறங்கினார். பை நிறைய மாம்பழம். கலையின் மாமியாரிடம் எனக்கு அப்போது கொஞ்சம் பயம். உரத்த குரல், எதையும் முகத்துக்கு நேராகக் கேட்கிற ஆள். கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு குறைவு என்று மைக் வைத்த மாதிரி சொன்னவர்.

நேராகப் பின்பக்கம் போனார். பிரித்த கூரையைப் பார்த்தார், பாதிச் சுவரைப் பார்த்தார், நாய்க் குழியைப் பார்த்தார். வேறு வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குப்பக்காவும் மற்றவர்களும் அவரைக் கண்டு தெருவில் நின்றார்கள். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்களைத்தான் கேட்டார்.

"ஏன் வேல நிக்கிது?"

குப்பக்கா காரணம் சொன்னாள். ரேஷன் கார்டு வரை சொன்னாள்.

"கார்டுல பேரு இருந்தா இன்னா? ஆளு எங்க வூட்ல கீறா. எங்க சோறு துன்றா. எங்க வூட்டு வாரிசு அது. இந்த வூட்டுக்கும் எம் மருமவளுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. நான் சொல்றேன், மாமியாக்காரி. நல்லதோ கெட்டதோ எங்களுது. போய் வேலயப் பாருங்க."

தெருவே கேட்டது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. என் வீட்டில் நின்றுகொண்டு, என் மகளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று ஒருத்தி சொல்கிறாள்! மாம்பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மரியாதைக்காகப் பஸ் ஸ்டாப் வரை அவரோடு நடந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை. அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். அதுவரை என்னை "நீங்க" என்று பேசியவர்.

"கோச்சிக்காத சம்பந்தி. நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். பெத்தவ எப்டி சொல்லுவ? அதான் நான் சொன்னேன். நீ வூட்ட முடி. ஏழாம் மாசம் முடியலன்னா ஒம்பதாம் மாசம் வளைகாப்பு வச்சிக்கலாம். உம் பொண்ணு அம்மா வூட்லதான் பெத்துக்கணும்."

நான் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். பஸ் வந்து, கண்டக்டர் விசில் ஊதி, "ஏறுவியா மாட்டியாம்மா?" என்று கத்தும் வரை இருவரும் கையை விடவில்லை.

திரும்பி வீட்டுக்கு வந்தபோது பாண்டுகள் மணலில் உரசுகிற சத்தம் கேட்டது.

கெட்ட பெயர்

வேலை நடந்தது. ஆனால் ஆமை வேகம். ஆடியில் சித்தாள்கள் எல்லாரும் நடவுக்குப் போய்விட்டார்கள். ஆவணியில்தான் தளம் போட முடிந்தது. கலவை மெஷினுக்குக் கற்பூரம் காட்டினோம். ஆரோக்கியம் மேஸ்திரி கண்ணை மூடி ஜெபம் செய்தார். மத்தியானம் எல்லாருக்கும் பிரியாணி. மெஷின் சத்தத்தில் யார் என்ன பேசினாலும் கேட்கவில்லை, ஆனாலும் எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் ஈரத் தளத்தைப் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர், "இனிமே குடை வேணாம் டீச்சர்" என்றார்.

பழைய கூரையிலிருந்து பிரித்த பனங்கை வாரைகள் தோட்டத்தில் கிடந்தன. சம்பந்தியம்மா வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு உதவும் என்று டிராக்டரில் ஏற்றி மானாம்பதிக்கு அனுப்பினோம். மாமனார் வீட்டுக் கூரை இன்று அங்கே மாடுகளுக்கு நிழல் கொடுக்கிறது.

இதற்கிடையில் ஏழாம் மாதம் வந்து போனது. வளைகாப்பு நடக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? "மாமியாக்காரி வளைகாப்பு பண்ண மாட்டேங்கறாளாம், பொண்ண அனுப்ப மனசு இல்லியாம்" என்று உத்திரமேரூர் சந்தையில் ஒருத்தி என்னிடமே சொன்னாள். கலை போனில் அழுதாள். "எங்க அத்த இன்னாம்மா இப்டி கீறாங்க?"

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. கலை ஒரகடம் கம்பெனிக்குப் போகிறவள். அவளிடம் சொன்னால் கம்பெனி பஸ் முழுவதும் சொன்ன மாதிரி. குப்பக்கா காதுக்கு வந்தால் மறுபடி பாண்டு தரைக்கு வந்துவிடும். எனவே நல்ல மனுஷியை ஊரே திட்டிக்கொண்டிருக்க, நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மகளைப் பார்க்க மானாம்பதி போகும்போதெல்லாம் தனம் எனக்குக் காபி கொடுத்துவிட்டு, கலை பார்க்காத நேரத்தில் கண்ணாலேயே கேட்பார், எதுவரைக்கும் வந்திருக்கு என்று. தளம் போட்டதும் விரலால் மேலே காட்டினேன், பூச்சு நடந்தபோது சுவரைக் காட்டினேன். சிரிப்பை அடக்க முடியாமல் ஒருமுறை எனக்குக் காபி புரையேறியது.

இந்தா, உன் பொண்ணு

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், வளைகாப்பு நடந்தது. கைகொள்ளாத வளையலோடு கலையை வேனில் அழைத்து வந்தோம். தெருவெல்லாம் ஈரம். வாசலில் ஆரத்தித் தட்டோடு குப்பக்காதான் நின்றாள். அவள்தான் ஆரத்தி சுற்ற வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

தனம் படி ஏறவில்லை. கலையின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார்.

"இந்தா, உம் பொண்ணு. இன்னியிலேர்ந்து உங்க வூட்டுப் பொண்ணு. இனி ஒரு கல்லத் தொடக் கூடாது." பிறகு குப்பக்காவைப் பார்த்து, "இன்னாக்கா, அன்னிக்கி ஒரு பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிக்க" என்றார். கலைக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

குப்பக்கா ஆரத்தித் தட்டை இறக்கவேயில்லை. "பொய்யின்னு தெரியும்மா. அன்னிக்கி பம்புசெட்டாண்ட தண்ணி குடிக்க வந்தேன். பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கினு அழுதீங்களே, பாத்தேன். பாத்துட்டு வந்துதான் பாண்டத் தூக்குனேன்."

"தெரிஞ்சுமா வேல செஞ்சே?" என்றேன்.

"பின்ன? நல்லதோ கெட்டதோ எங்களுதுன்னு தெருவுல நின்னு சொன்னாங்களே. எதுனா ஒண்ணு ஆயிருந்தா சாமி உன்னியக் கேக்காது, என்னியக் கேக்காது, அவங்க வூட்டத்தான் கேட்டிருக்கும். அவங்களுக்கும் மொதப் பேரப்புள்ள இல்ல அது? அத்தினியும் தன் தலமேல போட்டுக்கினு ஒருத்தி நிக்கறா. அதுக்கு மேல நான் இன்னா கேக்கறது?"

இத்தனை மாதம் தனம் சுமந்தது ஊர் கொடுத்த கெட்ட பெயரை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். தன் வம்சத்தின் முதல் குழந்தையையே பணயம் வைத்து எனக்கு அம்மா வீட்டு உரிமையை வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. வழக்கத்தை நான் பாதி நம்பினேன் என்றேன் அல்லவா? அவர் முழுதாக நம்புகிறவர். நம்பிக்கொண்டேதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

நான் அவர் காலைத் தொடப் போனேன். "அய்ய, இன்னாது இது, படி ஈரமா கீது, வழுக்கி வுழப் போற" என்று அதட்டித் தூக்கிவிட்டார்.

அதன்பின் எங்கள் புது வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கலை வந்துவிட்டாள் அல்லவா, ஆணி அடிக்கக் கூடாது. கண்ணாடி தரையில், கடிகாரம் சமையல் மேடையில், டிவி அட்டைப்பெட்டியோடு மூலையில். வர்ணம் அடித்த சுவர்கள் மொட்டையாக நின்றன. கலை மட்டும் கட்டிலில் உட்கார்ந்து, தாழ்ந்த ஜன்னல் வழியாக மழை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெந்நீர் வைத்து ஊற்றினேன். குளியலறை பத்து அடி தூரத்தில் இருந்தது.

கார்த்திகையில் அடைமழையின்போது உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். தனம் பையிலிருந்து ஒரு ஆணியையும் காலண்டரையும் எடுத்தார். வருஷம் முடியப் போகிற நேரத்தில் யாராவது அந்த வருஷத்துக் காலண்டரை வாங்குவார்களா? அவர் வாங்கி வந்திருந்தார்.

"அண்ணே, இப்போ அடிங்க" என்றார். அவர் ஆணியைப் பிடித்துக்கொள்ள, என் வீட்டுக்காரர் சுத்தியலை ஓங்கினார். சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. காலண்டர் கொஞ்சம் கோணலாகத்தான் தொங்கியது. யாரும் அதைத் திருத்தவில்லை.